கூபர் பெடியிலிருந்து உலுரு வரை ஒரே நாளில் காரோட்டிச் செல்லலாமா?

அடிலெய்டுவாசி:
அனைவருக்கும் வணக்கம். வரும் ஜூலைப் பள்ளி விடுமுறையில் குடும்பத்துடன் காரில் ஆஸ்திரேலியாவின் நடுவிலுள்ள உலுரு பெரும்பாறைக்குச் சென்று, வழியில் கூடாரம் அடித்துத் தங்குவதாக இருக்கிறோம். தெற்கு ஆஸ்திரேலியாவின் கூபர் பெடியிலிருந்து, உலுருவுக்கு அருகிலுள்ள யுலாரா ஊர் வரையுள்ள ஏறக்குறைய 735 கிலோமீட்டரையும் ஒரே பகலில் கடந்து, அன்று மாலையே உலுருவில் சூரியன் மறைவதைப் பார்த்துவிட வேண்டும் என்று பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள். முழுவதும் தார்ச்சாலைதான் என்பதால் இது நடக்கக்கூடிய திட்டமா? பெட்ரோலுக்கு எங்கெங்கே நிறுத்த வேண்டும்?

செம்மண்பயணி:
வணக்கம். சாலையைப் பற்றிக் கவலை வேண்டாம். பகல் வெளிச்சத்தைத்தான் கணக்கிட வேண்டும். ஜூலையில் அங்கே பகல் பத்தரை மணி நேரம் அளவுக்குத்தான் இருக்கும், மாலை ஆறு மணியை ஒட்டிச் சூரியன் மறைந்துவிடும். கங்காருக்கள் சாலைக்கு வருவது பெரும்பாலும் அந்தி நேரத்திலும் விடியலிலும்தான் என்பதால், இருட்டோடு புறப்படுவதும் இருட்டிய பின் போய்ச் சேருவதும் ஒரே அளவு ஆபத்தானவை. வாடகைக் காராக இருந்தால் ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள். நகருக்கு வெளியே இரவில் ஓட்டினால் காப்பீடு கிடையாது என்று பலவற்றில் எழுதியிருக்கும்.

மார்லா, குல்கெரா, எர்ல்டண்டா மூன்றிலும் பெட்ரோல் கிடைக்கும். கூபர் பெடியிலிருந்து மார்லா சுமார் 235 கிலோமீட்டர். அங்கிருந்து குல்கெரா 180. பாதி தீர்ந்ததுமே நிரப்பிக்கொள்வது நல்லது. எர்ல்டண்டாவில் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையை விட்டு மேற்கே திரும்ப வேண்டும். யுலாராவுக்கு ஏறத்தாழ 85 கிலோமீட்டர் முன்னால் இருக்கும் கர்டின் ஸ்பிரிங்ஸில் கூடாரம் அடிக்க இடம் உண்டு. அன்றிரவு அங்கேயே தங்குங்கள் என்பேன். அதற்குச் சற்று முன்னால் தட்டையான உச்சியுடன் மவுண்ட் கானர் என்ற மலை தெரியும். உலுரு வந்துவிட்டது என்று பலர் ஏமாறுவது அதைப் பார்த்துத்தான். அங்கே சாலையின் மறுபக்கத்து மணல்மேட்டில் ஏறினால், செம்மண்ணுக்கு நடுவே வெள்ளை வெளேரென்று உப்பு ஏரி விரிந்து கிடப்பதைப் பிள்ளைகள் கட்டாயம் பார்க்க வேண்டும்.

வடக்குச்சாலை:
ஓட்டுநர் இருவர் இருந்து, மதியச் சாப்பாட்டைக் கையோடு எடுத்துச் சென்றால் ஒரே பகலில் யுலாரா போய்ச் சேரலாம் என்பது என் கருத்து. ஆனால் அதே நாளில் சூரிய மறைவையும் பார்க்க நினைத்தால் கடைசி இரண்டு மணி நேரம் விரட்டிக்கொண்டு போக நேரிடும்; அது வேண்டாம். இறந்த கங்காருவின் மேல் ஆப்புவால் கழுகு அமர்ந்திருந்தால், தொலைவிலேயே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். வயிறு நிறையத் தின்ற பறவை சட்டென்று மேலெழும்ப முடியாமல், நேராகக் கண்ணாடியை நோக்கியே வந்துவிடக்கூடும். ரோடு டிரெயின் எனப்படும் தொடர் லாரிகள் 53 மீட்டர் வரை நீளமுள்ளவை. எதிரே வெகுதூரத்துக்குச் சாலை காலியாக இருந்தாலன்றி அவற்றை முந்த முயலாதீர்கள். வட பிராந்தியத்தின் (Northern Territory) எல்லையைத் தாண்டியதும் வேக வரம்பு 110-லிருந்து 130 ஆக உயரும். சுமை ஏற்றிய குடும்பக் கார் அந்த வேகத்தில் போக வேண்டிய அவசியமே இல்லை.

அடிலெய்டுவாசி:
இருவருக்கும் மிக்க நன்றி. கர்டின் ஸ்பிரிங்ஸில் தங்கிவிட்டு மறுநாள் மாலை சூரிய மறைவைப் பார்ப்பதென்று முடிவு செய்துவிட்டோம். அந்த இரண்டாம் இரவு உலுருவுக்கு அருகிலேயே கூடாரம் அடிக்க முடியுமா?

செம்மண்பயணி:
தேசியப் பூங்காவுக்குள் கூடாரம் அடிக்க அனுமதி இல்லை. யுலாராவிலுள்ள முகாமில்தான் தங்க வேண்டும். ஜூலையில் கூட்டம் அதிகம் என்பதால் இப்போதே பதிவு செய்துவிடுங்கள். இரவில் வெப்பநிலை சுழியத்தை நெருங்கும். பிள்ளைகளுக்குக் கனமான உறக்கப்பைகளையும் கம்பளித் தொப்பிகளையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.