தவக்காலப் பொதியும் பாதம் கழுவும் சடங்கும்: வாங்குபவர் கூசாமல் செய்வது எப்படி?

கொட்டாஞ்சேனை இளையோர்:
எங்கள் பங்கு இளையோர் மன்றம் இந்தத் தவக்காலத்தில் 40 குடும்பங்களுக்கு உலர் உணவுப் பொதி கொடுக்கப் போகிறது. வழக்கமாக ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் முன்றலில் பெனர் கட்டி, மைக்கில் பெயர் கூப்பிட்டுக் கொடுத்து, படமும் எடுப்போம். உண்மையில் கஷ்டப்படுகிற குடும்பங்கள் வருவதே இல்லை. பெரிய வியாழனன்று, இயேசு சீடர்களின் பாதங்களைக் கழுவியதை நினைவுகூர்ந்து பாதம் கழுவும் சடங்குக்கு ஆட்களைத் தெரிவுசெய்யும் பொறுப்பையும் பங்குத்தந்தை எங்களிடம் தந்திருக்கிறார். இரண்டையும் உண்மையான பணிவோடு செய்ய என்னென்ன ஒழுங்கு வேண்டும்?

முகத்துவாரம் வின்சென்ட் சபை:
தம்பி தங்கைமாருக்கு, அவர்கள் வராததற்கு அந்த மைக்தான் காரணம். தாயின் பெயர் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஒலித்தால் திங்கட்கிழமை பிள்ளையின் வகுப்பு முழுவதற்கும் தெரிந்துவிடும். தர்மம் செய்யும்போது எக்காளம் ஊதாதே என்று ஆண்டவர் சொன்னது (மத்தேயு 6:2) கொடுப்பவரைப் பெருமையிலிருந்து காக்கிறது. வாங்குபவரின் மானத்தையும் அதுவே காக்கிறது. மைக், பெனர், படம் மூன்றையும் முதலில் நிறுத்துங்கள். நன்கொடை தந்தவர்கள் கணக்குக் கேட்டால் கடை பில்லையும், அடுக்கி வைத்த பொதிகளின் படத்தையும் அனுப்பினால் போதும். ஆட்களின் முகம் எந்தப் படத்திலும் வேண்டாம்.

1833இல் பாரிசில் பிரெடெரிக் ஓசானாமும் தோழர்களும் வின்சென்ட் தே பவுல் சபையைத் தொடங்கிய காலத்திலிருந்து முறை ஒன்றுதான்: வீட்டுக்குப் போவது, இருவராகப் போவது, கண்டதை வெளியே பேசாமல் இருப்பது. இருவரில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். தனியாகப் பிள்ளைகளோடு இருக்கிற தாய்மார் அப்போதுதான் தயங்காமல் பேசுவார்கள். தோட்டங்களில் (நகரத்து நெருக்கமான குடியிருப்புகளில்) ஒழுங்கை ஒடுக்கம், பின்னேரமானால் எல்லோரும் வாசலில்தான் இருப்பார்கள். ஆகவே பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு, காலை 10 மணியளவில் போங்கள். சாமானைச் சாதாரணக் கடைப் பையில் கொண்டுபோங்கள். மன்றத்தின் பெயர் அச்சடித்த பை வேண்டவே வேண்டாம்.

முதல் தடவை வெறுங்கையோடு போய், உட்கார்ந்து, கேளுங்கள். இதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். எதில் சமைக்கிறார்கள், வீட்டில் எத்தனை பேர், யாருக்கு என்ன வருத்தம் என்று தெரியாமல் 40 பொதியையும் ஒரே மாதிரிக் கட்டினால், கேஸ் முடிந்த வீட்டுக்குக் கொண்டைக்கடலை போகும். அதை இரவு முழுக்க ஊறவைத்து நெடுநேரம் அவிக்க வேண்டும். நீரிழிவுக்காரர் தனியாக இருக்கிற வீட்டுக்கு இரண்டு கிலோ சீனி போகும். நான்கு பேருக்கு ஒரு கிழமைக்கென்றால் அரிசி 6 முதல் 8 கிலோ, மைசூர் பருப்பு ஒரு கிலோ, டின்மீன் 2, நெத்தலி 250 கிராம், பால்மா 400 கிராம் பைக்கற் ஒன்று, தேங்காயெண்ணெய் ஒரு போத்தல், தேயிலை, உப்பு, சவர்க்காரம். இதை அடிப்படையாக வைத்துக்கொண்டு வீட்டுக்கு வீடு மாற்றுங்கள். பெண்பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு நெப்கின் தேவை. அதை வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள், தங்கைமார் கேட்டறிய வேண்டும்.

சில வீடுகளுக்குப் பொதியைவிடப் பெரிய உதவி, கடைக் கொப்பியில் ஏறியிருக்கிற கடனைக் கட்டுவது. கடன் ஏறிய வீட்டம்மா கடைக்கு முன்னால் போக வெட்கப்பட்டுச் சுற்றுப்பாதையில் போவார். ஆனால் நீங்களே கடைக்காரரிடம் போய்க் கொப்பியைக் காட்டச் சொல்லாதீர்கள். அது அவர்களின் இரகசியம். குடும்பம் சம்மதித்தால் பணத்தை அவர்கள் கையிலேயே கொடுங்கள். கடையில் அவர்களே கட்டட்டும்.

மட்டக்குளி திருவழிபாட்டுக் குழு:
பாதம் கழுவுவது பற்றி. 1955இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்) செய்த புனித வார மறுசீரமைப்பில் இந்தச் சடங்கு பங்குக் கோயில்களின் வியாழன் மாலைப் பூசைக்குள் வந்தது. அப்போது ஆண்கள் மட்டும். பாப்பரசர் பிரான்சிஸ் விரும்பியபடி 2016 ஜனவரியில் வந்த ஆணை, இறைமக்கள் எல்லோரிலிருந்தும் தெரிவுசெய்யலாம் என்று மாற்றியது. ஆண், பெண், இளையோர், முதியோர், சுகமானவர், நோயாளர் எல்லோரும் கலந்திருப்பது நல்லது. பன்னிரண்டு பேர் என்பது வழக்கம்தான், கட்டாயம் இல்லை. சபைத் தலைவர்கள், பெரிய தொகை தந்தவர்கள் என்று வரிசை போட்டால் சடங்கின் பொருளே தலைகீழாகிவிடும். கோயில் கூட்டுகிறவர், துறைமுகத்தில் நாட்கூலிக்குப் போகிறவர், மருந்தெடுத்துக்கொண்டு வீட்டில் இருக்கிற பாட்டி, இவர்களை முதலில் கேளுங்கள். மாட்டேன் என்றால் வற்புறுத்தக் கூடாது.

ஒழுங்குகள்: தலா ஒரு துவாய், அதற்கு மேல் இரண்டு உபரி. இரண்டு கூசா, இரண்டு பேசின். ஒன்று நிரம்பும்போது மற்றதை மாற்றலாம். ஒருவருக்குக் கால் லீற்றர் தண்ணீர் தாராளம். எல்லோருக்கும் வலது பாதம் மட்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். செருப்போடு வரட்டும், நாடா கட்டிய சப்பாத்து நேரத்தைத் தின்னும். பளிங்குத் தரையில் நனைந்த இடத்தில் முதியவர் வழுக்குவதுதான் பெரிய ஆபத்து, வாங்குக்குக் கீழே சாக்குத்துண்டு விரியுங்கள்.

நீரிழிவுக்காரர் விடயத்தில் கவனம். பாதம் மரத்திருந்தால் சூடு அவருக்குத் தெரியாது, சொல்லவும் மாட்டார். பீடப் பணியாளர் ஒருவர் முழங்கையால் தொட்டுப் பார்த்து, வெதுவெதுப்பு மட்டும்தான் என்று உறுதிசெய்த பிறகே கூசாவைக் கொடுக்க வேண்டும். காலில் புண் இருக்கிறவரை இந்த வரிசையில் உட்காரவைக்காதீர்கள். கழுவிய பிறகு விரல்களுக்கு இடையிலும் ஒற்றித் துடைக்க வேண்டும்.

வெள்ளவத்தை மெதடிஸ்ட்:
ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ஆதிச் சபையில், பந்தியில் தங்கள் விதவைகள் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்க மொழி பேசியவர்கள் முறையிட்டபோது, அந்தப் பொறுப்புக்குத் தெரிவான ஏழு பேரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள் (அப்போஸ்தலர் 6). முறையிட்ட பக்கத்திடமே பொறுப்பு போனது. உங்கள் பட்டியலை முடிவுசெய்கிற இடத்தில் போன வருடம் பொதி வாங்கியவர்கள் இரண்டு பேராவது இருக்கிறார்களா? வாங்கியவரை முடிவெடுக்கிறவராக ஆக்குவது பொதி கொடுப்பதைவிடக் கடினம். நம் அதிகாரத்தை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறதே.

கொட்டாஞ்சேனை இளையோர்:
நன்றி அண்ணா, நன்றி எல்லோருக்கும். இன்னும் இரண்டு சந்தேகம். பட்டியலில் இந்துக் குடும்பங்களும் முஸ்லிம் குடும்பங்களும் இருக்கின்றன. பையில் செபத்தாள் வைக்கலாமா? அடுத்தது, எங்களில் நாலைந்து பேர்தான் எல்லா வேலையும் செய்கிறார்கள். யாரும் நன்றி சொல்லவில்லையென்றால் மனம் சோர்ந்துபோகிறது.

முகத்துவாரம் வின்சென்ட் சபை:
செபத்தாள் வேண்டாம். பசியோடு இருக்கிறவர் கையில் அதைக் கொடுத்தால், எடுக்காவிட்டால் அடுத்த முறை சாமான் வராதோ என்று பயப்படுவார். 1697இல் கண்டியில் பெரியம்மை வந்தபோது புனித யோசேவ் வாஸ் அடிகளார் மதம் பார்க்காமல் நோயாளரைக் கழுவித் துடைத்துப் பராமரித்தார். நம் நாட்டுக் கிறிஸ்தவருக்கு அதைவிட வேறு முன்மாதிரி தேவையில்லை. முஸ்லிம் வீடுகளுக்குப் போகும் சாமானில் ஹலால் அடையாளம் பார்த்து வாங்குங்கள். நோன்பு காலமென்றால் நேரமும் பார்த்துப் போங்கள்.

இரண்டாவது, வேலையைப் பிரியுங்கள். ஒரு சோடிக்கு ஐந்து வீட்டுக்கு மேல் கொடுக்காதீர்கள். 40 வீட்டுக்கு எட்டுச் சோடி, 16 பேர். அத்தனை பேர் இல்லையென்றால் வீடுகளைக் குறையுங்கள், ஓடி ஓடிக் கொடுத்தால் வாசலில் நின்று பையை நீட்டிவிட்டுத் திரும்புவதாகத்தான் முடியும். அரிசி நிறுப்பது, சாக்கு தூக்குவது, மண்டபம் கூட்டுவது போன்ற கண்ணுக்குத் தெரியாத வேலையைத் தலைவரும் செயலாளரும் முதலில் எடுக்க வேண்டும். சீடர்களுக்குச் சாப்பிடவும் நேரமில்லாதபோது ஆண்டவரே தனியிடத்துக்கு வந்து இளைப்பாறுங்கள் என்றார் (மாற்கு 6:31). ஆகவே முடியாது என்று ஒருவர் சொன்னால் அதைப் பெருமை என்று எண்ணாதீர்கள்.

நன்றி எதிர்பார்ப்பது மனித இயல்பு, அதற்காக உங்களை நீங்களே நோகாதீர்கள். ஆனால் நன்றி சொல்லாத வீட்டை அடுத்த பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்லி யாராவது கேட்டால் அதற்கு மட்டும் இடம் கொடுக்க வேண்டாம். அந்த வீட்டார் தேநீர் ஊற்றித் தந்தால் மறுக்காமல் குடியுங்கள். பேதுரு கூடத் தன் பாதத்தை இயேசு கழுவ முதலில் விடவில்லை. கொடுப்பவர்களுக்கும் வாங்கப் பழக்கம் வேண்டும்.

பெயர்ப்பட்டியலை வட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். ஒரே கொப்பியில் எழுதி, பங்குப் பணிமனை அலுமாரியில் பூட்டி வையுங்கள்.