கனடாவில் ஊர் கார்டைத் தேய்த்தால் இவ்வளவு பிடிப்பார்களா?

புதுவரவு: டொரன்டோ வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. எல்லாவற்றுக்கும் ஊர் கார்டைத்தான், அதாவது இந்திய பேங்க் கார்டைத்தான், தேய்க்கிறேன். ஸ்டேட்மென்டில் ஒவ்வொரு செலவுக்கும் கீழே தனியாக ஒரு தொகை பிடித்திருக்கிறார்கள். வாடகைக்குப் பணம் மிஞ்சுமா என்று பயமாக இருக்கிறது. அவசரம், யாராவது சொல்லுங்கள்.

ஸ்கார்பரோவாசி: கிரெடிட்டா, டெபிட்டா தம்பி? எதுவானாலும் கார்டு சகவாசமே வேண்டாம். நான் வந்த முதல் குளிர்காலத்தில் இரண்டு வேலை பார்த்தேன், ரொக்கத்திலேயே ஓட்டினேன். ஒரு சென்ட் கடன் கிடையாது.

மிசிசாகா அக்கா: அண்ணா, அந்தக் காலம் வேறு. இங்கே ஒரு கார்டு எடுத்து மாதாமாதம் முழுசாகக் கட்டினால்தான், கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் கிரெடிட் ஸ்கோர் ஏறும். வாடகை வீட்டுக்கே அதைக் கேட்கிறார்கள். முழுசாகக் கட்டுபவர்களுக்கு, கார்டின் மாத பில் போட்டதிலிருந்து குறைந்தது 21 நாள் வட்டி கிடையாது. ஆனால் கிரெடிட் கார்டைப் போட்டு ஏடிஎம்மில் பணம் எடுக்கவே கூடாது. எடுத்த அன்றே வட்டி ஓட ஆரம்பிக்கும்.

பிராம்ப்டன் ராத்திரி ஷிப்ட்: கடைக்காரர்கள் மட்டும் சும்மாவா? 2022 அக்டோபரிலிருந்து கிரெடிட் கார்டுக்கு 2.4% வரை பில்லில் ஏற்றலாம். கியூபெக்கில் மட்டும் அது நடக்காது.

ஸ்கார்பரோவாசி: அதைவிட இந்த டிப்ஸ் மெஷின்! நாமே போய் வாங்கி வரும் காபிக்கும் 18% கேட்கிறது. எரிச்சலாக வருகிறது.

பிராம்ப்டன் ராத்திரி ஷிப்ட்: நியாயம்தான். கேட்டுவிட்டு நம் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

புதுவரவு: என்னுடையது டெபிட். சில மெஷினில் ரூபாயா, டாலரா என்று கேட்கிறது. கணக்குப் புரியட்டும் என்று ரூபாயை அழுத்துகிறேன்.

மிசிசாகா அக்கா: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! ரூபாயை அழுத்தினால் மெஷின்காரர்கள் தங்கள் ரேட்டில் மாற்றுவார்கள், அது பெரும்பாலும் நமக்கு நஷ்டம்தான். அதற்கு மேல் பல இந்திய பேங்குகள் தனிக் கட்டணமும் போடும். எப்போதும் டாலரையே அழுத்துங்கள். அப்போதும் ஊர் பேங்க் மார்க்கப், அதாவது வெளிநாட்டுச் செலவுக்கான கூடுதல் கட்டணம், பிடிக்கும். 3.5% என்றால், அதன்மேல் 18% ஜிஎஸ்டி சேர்த்து 100 டாலருக்கு 4 டாலருக்கு மேல் போகும். அதனால் பாஸ்போர்ட், பெர்மிட்டோடு போய் இங்கேயே கணக்குத் திறந்துவிடுங்கள். புதிதாக வந்தவர்களுக்குப் பல பேங்குகளில் முதல் வருஷம் மாதக் கட்டணம் இல்லை. ஊர் கார்டைச் சில்லறை சில்லறையாகத் தேய்க்காமல், ஊரிலிருந்து மொத்தமாக ஒரு தடவை அந்தக் கணக்குக்கு அனுப்பச் சொல்லுங்கள், வந்து சேரச் சில நாள் ஆகலாம். வாடகையை இன்டராக் இ-டிரான்ஸ்ஃபரில், அதாவது இங்கே ஆன்லைனில் கணக்குக்குக் கணக்கு பணம் அனுப்பும் வசதியில், அனுப்பலாம். அதில் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் அனுப்பலாம் என்று வரம்பு உண்டு, தாண்டுவதாக இருந்தால் முந்தின நாளே பாதியை அனுப்பிவிடுங்கள்.