அச்சு முறுக்கு தரங்கம்பாடிக்கு டேனிஷ் கப்பலில் வந்ததா?

தரங்கை வாசி:
டெல்டாவில் கிறிஸ்துமஸ் பலகாரத் தட்டு என்றால் அச்சு முறுக்கு இருக்கும். காய்ந்த இரும்பு அச்சை மாவில் தோய்த்துப் பொரிப்பது டென்மார்க் அடங்கிய ஸ்காண்டிநேவியப் பகுதியில் இன்றும் உள்ள வழக்கம். 1620 முதல் 1845 வரை தரங்கம்பாடி டேனிஷ்காரர் கையில் இருந்தது. வேறு யார் கொண்டுவந்திருப்பார்கள்?

நாகை அலை:
ஒத்துக்கொள்ள முடியாது. இதே பண்டத்தை இலங்கையில் 'கொக்கிஸ்' என்கிறார்கள். டச்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. 1658 முதல் 1781 வரை நாகப்பட்டினம் ஒல்லாந்தருடையது, அதாவது டச்சுக்காரருடையது. பெயரே சாட்சி சொல்லும்போது டேனிஷ்காரருக்கு எங்கே இடம்?

தரங்கை வாசி:
பெயர் இலங்கையில்தானே ஒட்டியது? நம் பக்கம் 'அச்சு முறுக்கு' சுத்தத் தமிழ்.

குடந்தை அடுப்படி:
ஈரானிலும் இப்படி ஒரு பலகாரம் உண்டு, அதை எந்தக் கப்பலில் ஏற்றுவீர்கள்? அச்சு வெளியிலிருந்து வந்திருக்கலாம். பச்சரிசியும் தேங்காய்ப்பாலும் நம்முடையவை. அரை கிலோ பச்சரிசியை 3 மணி நேரம் ஊறவைத்து, வடித்து, ஒரு தேங்காயின் முதல் பால் விட்டு நைசாக அரைக்க வேண்டும். 150 கிராம் பொடித்த சர்க்கரை, சிட்டிகை உப்பு, ஒரு ஸ்பூன் கறுப்பு எள். முட்டை வேண்டாம்.

நாகை அலை:
முட்டை இல்லாமல் செய்வது தீபாவளி முறுக்கு. கிறிஸ்துமஸுக்கு இந்த அளவுக்கு 2 முட்டை அடித்து ஊற்ற வேண்டும். மாவைப் பிடித்து நிறுத்துவது அதுதான். இல்லாவிட்டால் இதழ் இதழாக உதிரும்.

குடந்தை அடுப்படி:
உதிர்வது மாவு நீர்த்துப் போனதால். தோசை மாவை விடச் சற்று இளகலாக, அச்சில் மெல்லிய போர்வை போல ஒட்டினால் முட்டை இல்லாமலும் நிற்கும். ஆனால் சர்க்கரையைக் கூட்டிவிடாதீர்கள். மொறுமொறுப்பு வருமுன் கருகும், அச்சையும் விடாது.

தரங்கை வாசி:
புது அச்சு எப்படியும் விடாதே?

குடந்தை அடுப்படி:
ஒரு ராத்திரி அரிசி கழுவிய தண்ணீரில் போட்டு, துடைத்து, எண்ணெய் தடவி வையுங்கள். பொரிக்கும்போது அச்சு எண்ணெயிலேயே காயட்டும். காயாத அச்சில் மாவு ஒட்டாது; அளவுக்கு மீறிக் காய்ந்தால் 'சுர்' என்று வெந்து மாவுச் சட்டிக்குள்ளேயே கழன்று விழும். முக்கால் பாகம்தான் தோய்க்க வேண்டும். மேல் விளிம்பை மாவு மூடிவிட்டால், கத்தியால் நெம்பினாலும் முழுசாக வராது.

நாகை அலை:
அந்த முக்கால் கணக்கு சரி. முட்டை விஷயத்தில் மட்டும் நான் இறங்கி வரமாட்டேன்.