ஷவரில் மட்டும் தண்ணீர் வேகம் இல்லை

கேள்வி: மாடி பாத்ரூம். டேங்க் அடிமட்டம் ஷவருக்கு 5 அடி மேலேதான். கீழ்க்குழாயில் நன்றாக வருகிறது, ஷவரில் நூல் மாதிரி. பிரஷர் பம்ப் வாங்கலாமா?

பதில் 1: பொறுங்க. ஷவர் தலையைக் கழற்றிட்டு, தண்ணீரைத் திறந்து பாருங்க. வெறும் பைப்பில் நல்லா வந்தா உப்பு அடைப்புதான். வினிகர், தண்ணீர் சரிபாதி கலந்து ஒரு மணி நேரம் ஊறவைத்து, பழைய பிரஷால் தேயுங்க. ஆசிட் ஊத்தாதீங்க, குரோம் பூச்சு போயிடும். திரும்ப மாட்டும்போது கசியாம இருக்க மரையில் டெஃப்லான் டேப் சுத்துங்க.

பதில் 2: கழற்றியும் வரலைன்னா டைவர்ட்டரை, அதாவது தண்ணீரைக் குழாய்க்கோ ஷவருக்கோ திருப்பிவிடும் வால்வைப் பாருங்க. உள்ளே மணல் நிற்கும்.

பதில் 3: 10 மீட்டர் உயரத்துக்குத்தான் சுமார் 1 பார் அழுத்தம் கிடைக்கும். 5 அடிக்கு 0.15 பார். அகல ரெயின் ஷவர்னா சுத்தம் பண்ணினாலும் சுமாராத்தான் வரும்; சின்னத் தலை போதும். பம்ப்தான் வேணும்னா டேங்க் அவுட்லெட்டில் வைங்க. நான்-ரிட்டர்ன் வால்வோடு (தண்ணீரை ஒரே பக்கம் மட்டும் விடும் வால்வு) பைபாஸ் லைன் (பம்பைச் சுற்றிப் போகும் தனி பைப்) கட்டாயம், இல்லேன்னா கரண்ட் போனா தண்ணீர் வரத்து குறையும். கீசர் எத்தனை பார் தாங்கும்னும் பார்த்துக்குங்க.