புதுப்பிப்பு: கண்மாய்ச் சங்கமும் கடைமடைத் தண்ணீரும்

எங்கள் கண்மாயின் நீரினைப் பயன்படுத்துவோர் சங்கத்துக்குத் தலைவரானதையும், தண்ணீர் வராததால் கடைமடைக்காரர்கள் (பாசனத்தின் கடைசியில் வயல் உள்ளவர்கள்) சங்கப் பணம் தர மறுப்பதையும் போன மாதம் எழுதியிருந்தேன்.

பணப் பேச்சையே நிறுத்தினேன். நீங்கள் பலர் சொன்னபடி, மேல்மடை ஆட்களையும் கடைமடை ஆட்களையும் சேர்த்துக்கொண்டு கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் முழுக்க நடந்தோம். இரண்டு இடத்தில் சீமைக்கருவேலம் வாய்க்காலையே மூடியிருந்தது. அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் "மேல்மடைக்காரன் தண்ணியத் திருடுறான்" என்ற பேச்சு அடங்கியது. மறுவாரமே வெட்டினோம்.

மடை திறந்து வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட்டு விடும் ஆளான நீர்பாய்ச்சியை மறுபடி வைத்தாயிற்று. கூலி நெல்லாக, அறுவடையில். மடைச் சாவி அவரிடம் மட்டும்தான், என்னிடம்கூடக் கிடையாது. 2000ஆம் ஆண்டுப் பாசனச் சட்டம் சங்கத்துக்கு அதிகாரம் தருகிறது, ஆனால் ஊர் நம்புவது அந்த மனிதரைத்தான்.

கண்மாய் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வெளியேறும் கலங்கலில் உள்ள கசிவு பாக்கி. ஐப்பசி மழைக்குள் அடைத்தாக வேண்டும்.