வேலூர் வட்டார அரசர்கள் குறுவரலாறு: பெயர், பட்டம், உறவுமுறையில் சந்தேகங்கள்

பாலாற்றங்கரை:
வணக்கம். வேலூர், ஆற்காடு பக்கத்தோடு தொடர்புள்ள அரசர்களைப் பற்றிய சிறு நூலுக்குக் கையெழுத்துப்படி தயாராகிறது. மேல்பாடிக் கல்வெட்டில் வரும் ‘ஆற்றூர்த் துஞ்சின தேவர்’ முதலாம் ஆதித்தரா, அரிஞ்சயரா? அடுத்தது, நவாப் தோஸ்த் அலி சாதத்துல்லா கானின் மருமகன் என்றும், சந்தா சாகிபு தோஸ்த் அலியின் மருமகன் என்றும் ஒரே பக்கத்தில் வருகிறது. படித்துப் பார்த்தவர் ‘இருவருமே பெண் கட்டியவர்களா?’ என்று கேட்டார். கடைசியாக, பாலாற்றங்கரையில் முத்துமண்டபத்தில் அடங்கியிருக்கும் கண்டி மன்னரைக் கண்ணுசாமி என்பதா, ஸ்ரீ விக்ரமராஜசிங்கன் என்பதா? முந்தைய மன்னருக்கு அவரும் மருமகன் என்றே எழுதியிருக்கிறேன்.

கல்லெழுத்து:
மேல்பாடியில் இருப்பவர் அரிஞ்சயர். முதலாம் ராஜராஜன் தன் பாட்டனாருக்கு எடுத்த பள்ளிப்படை, அதாவது இறந்த அரசர் நினைவாக எழுப்பிய கோயில் அது. முதலாம் பராந்தகன் மகன் அரிஞ்சயன், அவன் மகன் சுந்தர சோழன், அவன் மகன் ராஜராஜன். குழப்பம் வருவது ஊர்ப் பெயரால். ஆதித்தர் ‘தொண்டைமான் ஆற்றூர்த் துஞ்சின உடையார்’. அவருடைய பள்ளிப்படை காளத்தி பக்கம். ‘தொண்டைமான்’ என்ற முன்னொட்டைப் படியெடுக்கையில் விட்டுவிட்டால் பாட்டன் ஆதித்தருக்கும் பேரன் அரிஞ்சயருக்கும் வித்தியாசம் போய்விடும்.

‘துஞ்சின’ (இறந்த) என்று வருவதெல்லாம் இறந்தபின் வழங்கிய பெயர். ஆனைமேல் துஞ்சினவர் 949இல் தக்கோலத்தில் விழுந்த ராஜாதித்தர், பொன்மாளிகைத் துஞ்சினவர் சுந்தர சோழர். ஆள் உயிரோடு இருக்கும் அத்தியாயத்தில் அந்தப் பெயரால் அழைக்க வேண்டாம்.

இன்னொன்று, ‘கோப்பரகேசரி’ என்று மட்டும் இருந்தால் ஆளைத் தீர்மானித்துவிடாதீர்கள். ராஜகேசரி, பரகேசரி இரண்டும் சோழர் மாறி மாறிச் சூடிய பட்டங்கள். முதலாம் பராந்தகன், அரிஞ்சயன், உத்தம சோழன் எல்லோருமே பரகேசரிகள்தான். பட்டத்துக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள்: ‘மதுரை கொண்ட’ என்றால் முதலாம் பராந்தகன், ‘பாண்டியன் தலை கொண்ட’ என்றால் ஆதித்த கரிகாலன். அடைமொழி இல்லையென்றால் ஆட்சியாண்டு, எழுத்தமைதி (எழுத்தின் வடிவம் காட்டும் காலம்), உடன் வரும் அதிகாரி பெயர் மூன்றும் ஒத்துப்போனால்தான் பெயரைப் போடலாம்.

போளூர் பக்கம் திருமலையில் உள்ள சமணக் கோயிலான குந்தவை ஜினாலயத்தையும் சேர்ப்பீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை. ராஜராஜனின் அக்காளும் குந்தவை, மகளும் குந்தவை. அக்காளைக் கல்வெட்டு ‘பராந்தகன் குந்தவை’ என்கிறது. அந்தப் பராந்தகன் தகப்பன் சுந்தர சோழன். மதுரை கொண்டவன் அல்ல.

தர்பார் ஏடு:
நவாப் பகுதிக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் ‘நெஃப்யூ’ என்று கண்டதும் மருமகன் என்று போடுவதுதான் சிக்கலுக்கே வேர். தமிழில் அக்காள், தங்கை மகன் மருமகன். அண்ணன், தம்பி மகன் மகன் முறை. தோஸ்த் அலி சாதத்துல்லாவின் சகோதரர் மகன், ஆகவே ‘மருமகன்’ தவறு. சந்தா சாகிபு தோஸ்த் அலியின் மகளை மணந்தவர்; அங்கே மருமகன் சரி. 1742இல் வேலூரில் கொல்லப்பட்ட சப்தர் அலி, தோஸ்த் அலியின் மகன். கொலைக்குக் காரணமான முர்தசா அலி, சப்தர் அலியின் சகோதரி கணவர். யார் மூத்தவர் என்று தெரியாத இடத்தில் அண்ணன், தம்பி என்று ஊகிக்காமல் ‘சகோதரர்’ என்றே விடுங்கள்.

1749இல் ஆம்பூர்ப் போரில் இறந்த நவாப் அன்வருத்தீன், சாதத்துல்லாவின் இந்த நவாயத் குடும்பமே அல்ல, வேறு வம்சம். ‘ஆற்காட்டு நவாபுகள்’ என்று ஒரே கொடிவழியாக வரைந்தால் பிழை. அவர் மகன் முகம்மது அலிக்கு ‘வாலாஜா’ பட்டம் 1765இல்தான் வந்தது. 1751 ஆற்காட்டு முற்றுகையை எழுதுகையில் முகம்மது அலி என்றே எழுதுங்கள். 1801இல் அமர்ந்த அசீமுத் தௌலாவும் முந்தைய நவாபுக்கு மகன் அல்ல, தம்பி மகன்.

பழைய ஆவணங்களின் ‘கர்நாடக நவாப்’ இன்றைய கர்நாடக மாநிலத்தவர் அல்ல என்பதை முதல் முறை வரும் இடத்திலேயே சொல்லிவிடுங்கள்.

பாலாற்றங்கரை:
இருவருக்கும் மிக்க நன்றி. கொடிவழியை இரண்டாகப் பிரித்துவிடுகிறேன். கண்டி மன்னர் விஷயம் யாராவது சொன்னால் அந்த அத்தியாயமும் முடிந்துவிடும்.

மலைநாட்டு ஓலை:
1798இல் முடிசூடும்வரை கண்ணுசாமி, அதன்பின் ஸ்ரீ விக்ரமராஜசிங்கன். 1816இல் வேலூருக்குக் கொண்டுவரப்பட்டபோது ஆட்சி போயிருந்தாலும் முடிப்பெயரையே வைத்துக்கொள்ளுங்கள். 1832இல் இறந்ததுவரை அதுவே தொடரட்டும். ‘ராஜசிங்கன்’ குடும்பப் பெயர் அல்ல. 1739 முதல் ஆண்ட நால்வரின் முடிப்பெயரிலும் அது உண்டு. வெறும் ‘ராஜசிங்கன்’ என்று சுருக்கினால் எந்த ராஜசிங்கன் என்று தெரியாது.

உறவு முறையில் நீங்கள் எழுதியது தலைகீழ். அவர் தாய், முந்தைய மன்னரான ராஜாதி ராஜசிங்கனின் அரசிக்கு உடன்பிறந்தவள். தாயின் உடன்பிறந்தாள் கணவர் நமக்குப் பெரியப்பா அல்லது சித்தப்பா. ஆகவே கண்ணுசாமி மன்னருக்கு மகன் முறை. ‘அரசியின் சகோதரி மகன்’ என்று எழுதுவதே பாதுகாப்பு. பட்டத்துக்குப் போட்டியிட்ட முத்துசாமியோ அரசியின் சகோதரர், அதாவது மன்னருக்கு மைத்துனர், கண்ணுசாமிக்குத் தாய்மாமன். 1803இல் ஆங்கிலேயர் கண்டியில் முடிசூட்டியது இவருக்குத்தான்.

அந்த அரண்மனையில் மைத்துனன் பட்டமேறுவது புதிதல்ல. 1739இல் ஸ்ரீ விஜயராஜசிங்கனும் 1747இல் கீர்த்தி ஸ்ரீயும் அரசியின் சகோதரர் என்ற முறையில் வந்தவர்கள். 1782இல் மட்டும் அண்ணனுக்குப் பின் தம்பி. ஆகவே உங்கள் கொடிவழிப் படத்தில் தந்தை–மகன் கோடு இழுக்காமல், அரசிகளின் பெயருக்கும் கட்டம் போட்டு அவர்கள் வழியாகக் கோடு இழுங்கள்.