1940கள் பெல்லி டேங்க் ரேஸ் வண்டி: தண்ணியில குமிழி வருது, வண்டியோட வரலாறும் தேடுறோம், உதவி பண்ணுங்க

பாலைவன_ஸ்பேனர்:
எல்லாருக்கும் வணக்கம். நான் கலிஃபோர்னியால பாம்டேல் பக்கம் இருக்கேன். வார நாள்ல கம்ப்யூட்டர் வேலை, சனி ஞாயிறு ஆனா பக்கத்து வீட்டுப் பெரியவரோட கராஜ்லதான் கிடப்பேன். போன வருஷம் ஒரு பழைய கொட்டகையில கோழி எச்சத்துக்கு நடுவுல கிடந்த பெல்லி டேங்க் வண்டிய ரெண்டு பேரும் பங்கு போட்டு வாங்கினோம். தெரியாதவங்களுக்கு சொல்லிடறேன், ரெண்டாம் உலகப் போர்ல சண்டை விமானத்துக்கு அடியில எக்ஸ்ட்ரா பெட்ரோலுக்கு மாட்டுவாங்களே மீன் மாதிரி ஒரு டேங்க், போர் முடிஞ்சதும் அதெல்லாம் சர்ப்ளஸ் கடையில சல்லிசா வந்துச்சு, 1946ல பில் பர்க்னு ஒருத்தர் பி-51 விமானத்தோட டேங்குக்குள்ள இஞ்சினை வச்சு வறண்ட ஏரியில ஓட்டினார். அது ரொம்ப இறுக்கமா இருந்ததால அடுத்து பி-38 விமானத்தோட பெரிய டேங்குக்கு மாறி, டிரைவர முன்னாடி உக்கார வச்சு இஞ்சினைப் பின்னாடி கொண்டு போனார். அதுக்கப்புறம் ஆளாளுக்கு அதே மாதிரி கட்ட ஆரம்பிச்சிட்டாங்க. டேங்க் உடம்பு, நாலு சக்கரமும் வெளிய தெரியும், இந்த ஜாதிக்கு லேக்ஸ்டர்னு பேரு.

எங்க வண்டி பி-38 டேங்க், உள்ள ஃபோர்டு ஃப்ளாட்ஹெட் வி8 (வால்வெல்லாம் ஹெட்ல இல்லாம பிளாக்குக்குள்ளயே இருக்கற சைடு வால்வு இஞ்சின்), ரெண்டு ஸ்ட்ராம்பெர்க் 97 கார்ப், அலுமினிய ஹெட், முன்னாடி மேக்னெட்டோ (பிளக்குக்கு கரண்ட் கொடுக்கறது). ஆறு மாசம் கழட்டி சுத்தம் பண்ணி ஹெட் கேஸ்கெட் புதுசு போட்டு போன வாரம் ஸ்டார்ட் பண்ணிட்டோம், அந்த சத்தத்த கேட்டு பெரியவர் கண்ணு கலங்கிட்டாரு. ஆனா நாலு நிமிஷத்துல மூக்குல இருக்கற தண்ணி டேங்க் கொதிச்சு வெளிய அடிக்குது. ரேடியேட்டர் கிடையாது, டேங்க் மட்டும்தான். கூடவே குமிழி வருது, பிளக் எல்லாம் கரி பிடிச்சு கருப்பா இருக்கு.

ரெண்டாவது கேள்வி, இந்த வண்டி யார் ஓட்டினதுன்னு கண்டுபிடிக்கணும். டேஷ்ல டைமிங் தகடு, அதாவது ஓட்டத்துல தொட்ட வேகத்த எழுதிக் கொடுக்கற தகடு, இருந்த ரெண்டு ஆணி ஓட்டை மட்டும் இருக்கு, தகடு போயிடுச்சு. இஞ்சினை வச்சு 1946ல இருந்து 48க்குள்ள இருக்கும்னு நினைக்கிறோம். வர்ற வாரம் இப்ப இருக்கற பழைய சிவப்பு பெயிண்ட்ட மொத்தமா உரிச்சு தகடு வரைக்கும் போயி புதுசா சிவப்பு அடிக்கலாம்னு பிளான்.

லேத்பட்டறை_கோவை:
வணக்கமுங்க. எனக்கு கோயம்புத்தூர்ல ரீபோர் பட்டறை. எங்கப்பா காலத்துல போர்க்கால ஃபோர்டு லாரியோட சைடு வால்வு வி8 நம்ம பட்டறைக்கு நிறைய வந்திருக்குங்க, அதனால அந்த இஞ்சினோட குணம் கொஞ்சம் தெரியும். அதுல பெரிய சிக்கலே எக்ஸாஸ்ட் போற வழிதானுங்க. வால்வு உள்பக்கம் இருக்கு, புகை வெளிய வரணும்னா சிலிண்டருக்கு நடுவுல பிளாக்குக்குள்ளயே புகுந்து வரணும், அதுவும் நடுவுல இருக்கற ரெண்டு சிலிண்டருக்கு ஒரே ஓட்டை. எட்டு சிலிண்டருக்கு பக்கத்துக்கு மூணு மூணுதான் வெளிவாசல். அந்த சூடெல்லாம் தண்ணிக்குதானுங்க ஏறுது. வால்வு சீட்டுக்கும் போருக்கும் (சிலிண்டர் துளைக்கும்) நடுவுல கிராக் விடறது இதனாலதான்.

பயப்படறதுக்கு முன்னாடி ஒண்ணு பாருங்க. குமிழி எப்ப ஆரம்பிக்குது? ரேடியேட்டர் இல்லாத டேங்க்கு நாலு நிமிஷம் ஐடில்ல நின்னா சாதாரணமாவே கொதிக்கும், அது ஏரியில ஒரு ஓட்டம் ஓடி நிறுத்தறதுக்கு கட்டினதுங்க, கராஜ்ல நிக்கறதுக்கு இல்ல. இஞ்சின் பச்சத்தண்ணியா இருக்கறப்ப ஸ்டார்ட் பண்ணி முதல் அரை நிமிஷத்துலயே குமிழி வந்தா அது கொதி இல்ல, சிலிண்டர்ல இருந்து தண்ணிக்குள்ள கசியற கேஸ்தான். அப்படி வந்தா ஒவ்வொரு சிலிண்டரா கரண்ட்ட கட் பண்ணுங்க, எந்த சிலிண்டர் கட் ஆனா குமிழி நிக்குதோ அங்கதான் கோளாறு. மேக்னெட்டோங்கறதால பிளக் வயரை கழட்டி அந்தரத்துல விட்டுடாதீங்க, காயில் போயிடும், பாடில எர்த் பண்ணிடுங்க. அப்பறம் கம்ப்ரஷன் பாருங்க. பக்கத்து பக்கத்து ரெண்டு சிலிண்டர் சேந்து கம்மியா இருந்தா கேஸ்கெட்டுங்க, ஒண்ணு மட்டும் கம்மினா வால்வோ கிராக்கோ.

மிச்சிகன்_மீனா:
ரொம்ப அழகான வண்டி, வாழ்த்துகள். ஆனா தயவு செஞ்சு பெயிண்ட்ட உரிக்காதீங்க, கையெடுத்து கும்பிட்டு கேக்கறேன். நீங்க தேடற வரலாறு அந்த பெயிண்ட்டுக்குள்ளதான் இருக்கு. தகடு வரைக்கும் போயிட்டா அப்பறம் நூறு புத்தகம் புரட்டினாலும் இந்த வண்டிதான் அதுன்னு நிரூபிக்க முடியாது.

முதல்ல ராத்திரி லைட்டெல்லாம் அணைச்சிட்டு டார்ச்ச உடம்போட ஒட்டி பக்கவாட்டுல அடிச்சுப் பாருங்க. பழைய எழுத்து, நம்பர் இருந்தா அதோட ஓரம் மேல் பெயிண்ட்ல ஒரு மெல்லிய மேடா தெரியும், கையால தடவினா கூட தெரியாது, வெளிச்சத்துக்கு தெரியும். அதை போட்டோ எடுத்துட்டு, அப்பறம் ஒரு ரூபா நாணயம் அளவுக்கு ஒரே ஒரு இடத்துல 1000 நம்பர் எமரி ஷீட்ட தண்ணில நனைச்சு மெதுவா தேய்ங்க. மரத்தை அறுத்தா வளையம் தெரியுமே அது மாதிரி ஒவ்வொரு காலத்து கலரும் வட்டமா தெரியும்.

நம்பர் கிடைச்சாலும் அவசரப்படாதீங்க. எஸ்.சி.டி.ஏ, அதாவது 1937ல ஆரம்பிச்ச தெற்கு கலிஃபோர்னியா டைமிங் சங்கம், முந்தின சீசன் பாயிண்ட்ட வச்சுதான் அடுத்த சீசனுக்கு நம்பர் கொடுத்தாங்க, அதனால அதே டிரைவருக்கு வருஷா வருஷம் நம்பர் மாறும், அதே நம்பர் வேற ஆளுக்கும் போகும். நம்பர், பக்கத்துல இருக்கற கிளாஸ் எழுத்து (இஞ்சின் அளவை வச்சு கொடுக்கறது), வருஷம் மூணும் சேந்தாதான் சாட்சி. அதுவும் போக ரஸெட்டான்னு இன்னொரு சங்கமும் அப்ப ஓட்டம் நடத்தினாங்க, அவங்க நம்பர் தனி.

இஞ்சின் விஷயத்துல ஒரு சந்தேகம். 46-48னு எத வச்சு சொல்றீங்க? முன்னாடி மேக்னெட்டோவ பாத்தா? அது போதாது, 49க்கு அப்பறம் வந்த பிளாக்லயும் பழைய டைமிங் கவர் மாட்டி முன்னாடி மேக்னெட்டோ வைக்கறது அப்ப சகஜம். பின்னால போயி பாருங்க. 48 வரைக்கும் வந்த 59ஏ பிளாக்குன்னா கிளட்ச் மூடி இருக்கற பெல்ஹவுசிங்ல மேல் பாதி பிளாக்கோடயே சேத்து வார்த்திருக்கும், மேல 59னு எழுதியிருக்கும். 1949ல இருந்து வந்த 8பிஏ பிளாக்குன்னா பின்பக்கம் தட்டையா இருக்கும், பெல்ஹவுசிங் தனியா போல்ட் போட்டிருக்கும்.

பாலைவன_ஸ்பேனர்:
மீனா அக்கா, இப்பதான் படுத்துக்கிட்டே ஊர்ந்து போயி பாத்துட்டு வந்தேன். பின்பக்கம் தட்டை!! தனி பெல்ஹவுசிங். இஞ்சின் மவுண்ட் பட்டையும் ஒரு தடவை அறுத்து வேற இடத்துல வெல்ட் வச்சிருக்காங்க, ரெண்டு வெல்டும் ரெண்டு கை, ஒண்ணு மீன் செதில் மாதிரி அழகா இருக்கு இன்னொண்ணு கட்டி கட்டியா இருக்கு. ஆறு மாசமா தினமும் பாக்கற இடம், இதோட அர்த்தம் புரியாம போச்சு. ஆனா ஹெட்ல தண்ணி வெளிய போற வாய் நடுவுல இருக்கு, அது பழைய மாடல்தானே?

லேத்பட்டறை_கோவை:
அப்ப உங்க ரெண்டு கேள்விக்கும் ஒரே இடத்துலதான் பதில் இருக்குங்க. நடுவுல வாய் இருந்தா 48 வரைக்கும் உள்ள ஹெட், பிளாக் 49க்கு அப்பறம். 24 ஸ்டட் ஓட்டை ரெண்டுக்கும் ஒரே இடம்ங்கறதால மாட்டிக்கும், ஆனா தண்ணி போற வழி வேற வேறங்க. 8பிஏல தண்ணி முன்னாடி பிளாக்குக்குள்ள நுழைஞ்சு பின்னாடி வரைக்கும் போயி ஹெட்டுக்கு ஏறி மறுபடி முன்னாடி வந்து வெளிய போகணும், அதுக்குத்தான் கேஸ்கெட்ல முன்னாடி ஓட்டை சின்னது பின்னாடி பெருசு. நீங்க 59ஏ கேஸ்கெட் வாங்கி மாட்டியிருப்பீங்க. அப்படின்னா தண்ணி குறுக்கு வழியில ஓடிடலாம், கடைசி சிலிண்டர் பக்கம் சரியா நகராம போகலாம்.

புது கேஸ்கெட் வாங்கினதும் நேரா மாட்டாதீங்க. பிளாக் மேல ஒரு தடவை, ஹெட் மேல ஒரு தடவை வச்சு ஒவ்வொரு ஓட்டையும் விரல் வச்சு பாருங்க, எங்க அடைபடுது எங்க திறந்திருக்குன்னு சாக்பீஸ்ல குறிங்க. இன்னொண்ணு, ஹெட் ஸ்டட் ஓட்டையெல்லாம் தண்ணி ஜாக்கெட்டுக்குள்ளயே இறங்குதுங்க, திரெட்ல சீலன்ட் போடலன்னா அது வழியா தண்ணி மேல ஏறி வரும், நாம கேஸ்கெட் லீக்குன்னு நினைச்சிட்டு அலைவோம். அலுமினிய ஹெட்ட ஒரு தடவை சூடாக்கி முழுசா ஆற விட்டு அப்பறம்தான் மறுபடி டைட் பண்ணணும், சூட்டோட பண்ணாதீங்க.

பிளக் கரிக்கு: ஸ்ட்ராம்பெர்க் 97ல பெட்ரோலுக்கு கம்பெனி ஜெட் (பெட்ரோல் அளவா போற துளை) 0.045 இன்ச். உங்களோடது என்ன அளவுன்னு பாத்து சொல்லுங்க.

உப்புக்காத்து:
நான் மெல்பேர்ண்ல இருக்கிறன், தென் ஆஸ்திரேலியாவில கெய்ர்ட்னர் ஏரியில மார்ச் மாசம் நடக்கிற ஸ்பீட் வீக்குக்கு (வேகச் சாதனை ஓட்ட வாரம்) ஒரு டீமோட பத்து வருசமா போய் வாறன். தம்பி, இஞ்சினை மட்டும் பாக்காதேங்கோ, சேசிக்குள்ள உப்பு இருக்கோ எண்டும் பாருங்கோ. வண்டி கலிஃபோர்னியா எல் மிராஜ் வறண்ட ஏரியில மட்டும் ஓடினதெண்டால் உள்ளுக்க மஞ்சள் களிமண் தூள்தான் இருக்கும். யூட்டாவில இருக்கிற போனவில் உப்புத் தரைக்குப் போனதெண்டால் உப்பு இருக்கும். அங்க 1949 ஓகஸ்ட்டிலதான் முதல் ஸ்பீட் வீக் நடந்தது. அப்ப சேசிக்குள்ள உப்பு கட்டி கிடந்தால் வண்டி 49க்குப் பிறகும் ஓடியிருக்கு எண்டதுக்கு அதுவே ஒரு சாட்சி. கழுவ முதல் ஒரு சின்னப் போத்தலில கொஞ்சம் எடுத்து வையுங்கோ.

அதுக்குப் பிறகு நல்லாக் கழுவ வேணும். உப்பு காத்தில இருக்கிற ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், எழுபது வருசம் போனாலும் அது தன்ர வேலையை நிப்பாட்டாது. மூடின குழாய்க்குள்ள இளஞ்சூட்டுத் தண்ணி விட்டு, வெளிய வாற தண்ணி நாக்கில உப்புக் கரிக்காமல் வரும் மட்டும் திரும்பத் திரும்ப விடுங்கோ. ஹாலிபிராண்ட் கொம்பனி மெக்னீசியம் சில்லு இருந்தால் அதைப் பாக்க மட்டும் வையுங்கோ. வெள்ளைப் பொடி பூத்த மெக்னீசியத்தை நம்பி ஒருத்தரும் வேகமாய் ஓட வேண்டாம், ஓடத்தான் வேணுமெண்டால் வேற சில்லு போடுங்கோ. உங்கட பெரியவரிட்ட நான் சொன்னதெண்டு சொல்லுங்கோ.

பாலைவன_ஸ்பேனர்:
ரெண்டு வாரம் கழிச்சு வர்றேன், சொல்ல நிறைய இருக்கு.

பச்சத்தண்ணியில ஸ்டார்ட் பண்ணி எண்ணினோம், இருபது செகண்ட்ல குமிழி. கேஸ்தான். 6ஐ எர்த் பண்ணா பாதி கொறையுது, 7ஐ எர்த் பண்ணாலும் பாதி கொறையுது, ரெண்டையும் சேத்து பண்ணா நின்னே போச்சு. கம்ப்ரஷனும் அந்த ரெண்டுக்கும்தான் கம்மி. ஹெட்ட தூக்கினா 6க்கும் 7க்கும் நடுவுல இருக்கற ஒடுக்கமான இடத்துல கேஸ்கெட் எரிஞ்சு, சிகரெட் பேப்பர் ஓரம் கருகின மாதிரி ஒரு பழுப்பு நிற வாய்க்கா, அதுல விரல் நகம் நுழையுது. அண்ணன் சொன்ன மாதிரியே நடு எக்ஸாஸ்ட் வாசல் இருக்கற இடம். ஹெட்ல ஸ்ட்ரெயிட் எட்ஜ் வச்சா நடுவுல 0.008 ஃபீலர் கேஜ் நுழையுது, மில்லிங்குக்கு கொடுத்திருக்கோம். பிளாக்க மேக்னட் பவுடர் போட்டு கிராக் டெஸ்ட் பண்ணியாச்சு, ஒரு தண்ணி ஓட்டைக்கும் ஸ்டட் ஓட்டைக்கும் நடுவுல மட்டும் முடி மாதிரி ஒண்ணு, போர் பக்கமோ வால்வு சீட் பக்கமோ எதுவும் இல்ல.

ஹெட் வெளிய இருக்கும்போதே அளந்துட்டோம். போர் 3 5/16 இன்ச், ஸ்ட்ரோக் சரியா 4 இன்ச். அப்ப உள்ள இருக்கறது 49ல இருந்து வந்த மெர்குரி (ஃபோர்டோட இன்னொரு கார் பிராண்ட்) கிராங்க், கணக்கு போட்டா 276 க்யூபிக் இன்ச். ஜெட் 0.045 இல்லவே இல்ல, துளை போட்டு பெருசாக்கி இருக்காங்க, கார்ப் அடியில வெள்ளையா ஜெல்லி மாதிரி ஒட்டியிருந்துது.

லேத்பட்டறை_கோவை:
அது மெத்தனாலுங்க, ரேஸ்ல பெட்ரோலுக்கு பதிலா ஊத்தற ஆல்கஹால். அலுமினியத்தையும் ஜிங்க்கையும் தின்னு வெச்ச மிச்சம்தான் அந்த ஜெல்லி. பெட்ரோலுக்கு ஒரு பங்குக்கு 14.7 காத்து, மெத்தனாலுக்கு 6.4தான், அதனால அதே காத்துக்கு ரெண்டு மடங்குக்கு மேல எரிபொருள் ஊத்தணும், அதுக்குத்தான் ஜெட்ட பெருசு பண்ணியிருக்காங்க. நீங்க அதுல பெட்ரோல் ஊத்தினா பிளக் கரி பிடிக்காம என்ன செய்யும். பழைய ஜெட்ட கழட்டி ஒரு டப்பால பேர் எழுதி வைங்க, தூக்கி போட்டுடாதீங்க, புதுசு 0.045 போட்டு ஓட்டுங்க. ஆயிலையும் மாத்திடுங்க, பெட்ரோல் இறங்கியிருக்கும்.

மிச்சிகன்_மீனா:
அப்ப கதை இப்படி வருது: சேசியும் ஹெட்டும் முதல் இஞ்சின் காலத்தது, 49க்கு அப்பறம் யாரோ புது பிளாக், மெர்குரி கிராங்க் போட்டு மெத்தனால்ல ஓட்டியிருக்காங்க. இது குறை இல்ல, இதுதான் அந்த வண்டியோட வாழ்க்கை. 1952ல ஸோ-கால் ஸ்பீட் ஷாப் டேங்க் வண்டியே மூணு இஞ்சின் மாத்தி மாத்தி மூணு கிளாஸ்ல ஓடிச்சு, அதுல பெருசு மணிக்கு 198 மைல் தொட்டுச்சு. இஞ்சின் ஒண்ணுதான் அசல்னு அந்த ஆளுங்க நினைச்சதே இல்ல. தேடலை 49ல இருந்து மேல நகத்துங்க. அந்த வருஷ ஓட்டங்களோட புரோகிராம் புத்தகத்துல நம்பர், கிளாஸ், பேர் இருக்கும். பமோனால வாலி பார்க்ஸ் என்.எச்.ஆர்.ஏ மியூசியம் உங்களுக்கு பக்கம்தான், லேண்ட் ஸ்பீட் (தரையில வேகச் சாதனை) வரலாறு சேக்கற சங்கத்துக்கும் எழுதுங்க. டார்ச் அடிச்சீங்களா?

பாலைவன_ஸ்பேனர்:
அடிச்சோம் அக்கா. அதைத்தான் கடைசியா சொல்லணும்னு வச்சிருந்தேன். வால் பக்கம் இடது பக்கவாட்டுல, பெரியவர் டார்ச் பிடிச்சார் நான் எதிர்ப்பக்கம் உக்காந்திருந்தேன், முதல்ல ஒண்ணும் தெரியல, அவர் கை கொஞ்சம் கீழ இறங்கினதும் சிவப்புக்கு அடியில ஒரு 4 எழும்பி வந்துச்சு, அதுக்கு முன்னாடி இன்னொரு இலக்கம் பாதி, கொஞ்சம் தள்ளி ஒரு C. நாணயம் அளவுக்கு தேய்ச்ச இடத்துல சிவப்பு, அதுக்கு அடியில க்ரீம், அதுக்கு அடியில கருப்பு, அப்பறம் சாம்பல் ப்ரைமர். நம்பர் க்ரீம் மேல இருக்கு. சேசி குழாய்க்குள்ள உப்பும் இருந்துச்சு, அண்ணை சொன்னபடி போத்தல்ல எடுத்து வச்சிட்டுத்தான் கழுவினோம், ஒன்பது தடவை விட்ட பிறகுதான் கரிப்பு போச்சு.

பெயிண்ட் உரிக்கற பிளான கைவிட்டாச்சு. சிவப்பு அப்படியே இருக்கும், மெழுகு மட்டும் போடறோம். மே மாசம் எல் மிராஜ்ல சீசன் முதல் ஓட்டம், வண்டிய டிரெய்லர்ல ஏத்திட்டு போயி ஓட்டாம சும்மா நிறுத்தி வைக்கப் போறோம், டார்ச் வெளிச்ச போட்டோவ பெருசா பிரிண்ட் போட்டு சீட் மேல வைக்கப் போறோம். அந்த ஏரிக்கு அம்பது அறுபது வருஷமா வர்ற பெரியவங்க இன்னும் இருக்காங்க. யாராவது ஒருத்தர் அந்த க்ரீம் கலர ஞாபகம் வச்சிருப்பாங்க.

கேஸ்கெட் செவ்வாய்க்கிழமை வருது அண்ணா, சாக்பீஸ் வாங்கி வச்சிட்டேன்.